வீழும் கொடியும் புல்லுருவியும்

முன்னுரை

பழந்தமிழ் நூல்களை உரையோடு பயில்வோர் அடிக்கடி எதிர்ப்படும் தொடர்கள் சில உள. 'ஒருவகை மரம்', 'ஒருவகைக் கொடி', 'ஒரு பூ விசேடம்' என்பன அவை. புலவர் கண்டு பாடிய செடியைத் தாம் காணாதவிடத்து உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் இத்தொடர்களைக் கைக்கொண்டனர். அஃது அவர்தம் நேர்மையைக் காட்டுமேயன்றிக் குறையாகாது. ஆயின், இன்று ஆய்வேடு எழுதும் மாணவரும் அத்தொடர்களையே பெயர்த்து எழுதி அமைதி கொள்வரேல் அதனைக் குறையென்றே கூறுதல் வேண்டும். செடிகொடிகளைப் பற்றிய நூல்கள் தமிழில் இல்லாமல் இல்லை. பி. எல். சாமி அவர்களின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' 1967-இலேயே வெளிவந்துவிட்டது. கண்டு தெளிய வேண்டிய செடிகளும் பல நம் ஊர்ப்புறத்திலேயே நிற்கின்றன.

இக்கட்டுரை மரத்தின்மேல் வாழ்வனவும் மரத்தினின்று தொங்குவனவுமாகிய செடிகளின் பெயர்களை ஆராய முற்படுகின்றது. இவற்றையெல்லாம் 'கொடி' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுதல் உரையெழுதுவோர் வழக்கமாயிற்று. தமிழ்ச் சொற்களோ அவ்வாறு அடங்கி நிற்பன அல்ல. அவை ஒவ்வொன்றும் செடிக்கும் மரத்துக்கும் உள்ள உறவின் வேறுபாட்டை உணர்த்துவன என்பதும், அவ்வேறுபாட்டை அறியாதவழி நூற்பொருளும் வழுவும் என்பதும் யாம் ஈண்டுக் கூற விழைவன.

நால்வகை உறவு

வெப்பமும் ஈரமும் மிக்க நிலங்களில் மரங்கள் நெருங்கி வளர்தலின் கதிரொளி தரையை எட்டுவது அரிது. ஒளியை நாடும் செடிக்கு இரண்டே வழிகள் உள. ஒன்று, தானே பருத்த மரமாகி உயர்தல். மற்றொன்று, பிறிதொரு மரத்தின் உயரத்தைத் துணையாகக் கொள்ளுதல். இரண்டாவது வழியை மேற்கொண்ட செடிகளை அவற்றின் வேர் இருக்குமிடத்தைக் கொண்டு நான்காகப் பகுக்கலாம்.

மண்ணில் வேரூன்றி மரத்தின்மேல் ஏறுவன முதல் வகை. இவற்றை இவர்வன என்போம். மேலிருந்து வேரைக் கீழே விடுவன இரண்டாம் வகை, இவை வீழ்வன. மரத்தின் உடலுள் வேரைச் செலுத்தி அதன் நீரை உண்பன மூன்றாம் வகை, இவை உருவுவன. மரத்தின் பட்டைமேல் தங்கியிருந்தும் அம்மரத்திடம் ஒன்றும் பெறாது மழையையும் காற்றின் ஈரத்தையும் கொண்டே வாழ்வன நான்காம் வகை, இவை தொற்றுவன. இப்பெயர்கள் யாம் புனைந்தன அல்ல; தமிழில் முன்னரே வழங்கும் வினைகளினின்று எடுத்துக்கொண்டனவே.

இவர்வன

கொடி என்னும் சொல் வளைவுப் பொருளுடைய கொடு என்னும் அடியிற் பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். மரக்கிளையைக் குறிக்கும் கோடு என்னும் சொல்லும் அவ்வடியினதே என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின் கொடியும் அது பற்றும் கோடும் ஒரு குடிப்பிறந்த சொற்களாம். துணை என்னும் பொருளில் நாம் இன்று வழங்கும் 'பற்றுக்கோடு' என்னும் சொல், கொடியொன்று பற்றி ஏறுங் கிளையை நினைந்து எழுந்ததாகலாம். 'கொழுகொம்பு' என்பதும் அத்தகையதே. தமிழர் வாழ்க்கையின் ஆதரவைக் குறிக்கக் கொடியின் வாழ்வினின்றே சொல் எடுத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கொடிகள் எல்லாம் ஒரே வகையாக ஏறுவதில்லை. இவ்வேறுபாட்டை மேலைநாட்டில் விரிவாக ஆராய்ந்தவர் சார்லசு டார்வின். 1865-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் தண்டினாற் சுற்றி ஏறுவன, இலையாலும் பற்றுக்கம்பியாலும் பற்றி ஏறுவன, கொக்கியால் ஏறுவன, வேரால் ஒட்டி ஏறுவன எனக் கொடிகளைப் பகுத்தார். இப்பகுப்புக்கு எடுத்துக்காட்டுகளை நம் நாட்டிலிருந்தே தரலாம். வள்ளிக்கொடி தண்டினாற் சுற்றுவது. அவ்வினத்துக் கொடிகளுள் சில வலஞ்சுழியாகவும் சில இடஞ்சுழியாகவும் சுற்றுதலின், அச்சுழற்சியே அவற்றைப் பிரித்தறியும் அடையாளமாகவும் பயன்படுகின்றது. காந்தள் தன் இலை நுனியையே சுருட்டிப் பற்றுவது. பிரண்டை பற்றுக்கம்பியால் ஏறுவது. கறி எனப் பழையோர் வழங்கிய மிளகுக்கொடி கணுவில் தோன்றும் வேர்களால் மரத்தை ஒட்டி ஏறுவது. கொக்கியால் ஏறுவதற்குச் சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைக் காடுகளில் வளரும் மோதிரக்கண்ணி சான்றாகும். அதன் கொக்கிகள் மோதிரம்போல் வளைந்திருத்தலைக் கண்டே மக்கள் அப்பெயரிட்டனர். ஏறும் கருவியையே பெயராக்கிய அம்மக்களின் நுண்ணோக்கு பாராட்டத்தக்கது.

இவ்வறிவு இலக்கியத்துக்கு எவ்வாறு உதவும்? பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியைக் காண்போம். சிறுபாணாற்றுப்படை முதலியவற்றாற் புகழ்பெற்ற இந்நிகழ்ச்சியைக் கொடைமடத்துக்குக் காட்டாகக் கூறி அமைவர் பலர். முல்லைக்குப் பற்றுக்கம்பியும் இல்லை, கொக்கியும் இல்லை, ஒட்டுவேரும் இல்லை. பிரண்டை தன் கம்பியை வீசித் துணை தேடும். மிளகு தன் வேரால் ஒட்டிக்கொள்ளும். முல்லையோ சார்ந்து நிற்க ஒன்று இல்லாதவழித் தரையிற் கிடந்து அலமரும். கொடிகளுள்ளும் ஏறும் கருவி இல்லாத கொடி ஒன்றன் வருத்தத்தையே வள்ளல் கண்டான். புலவர் வேறொரு கொடியைக் கூறாது முல்லையைக் கூறியமைக்கு முல்லை நிலத்தின் மரபு ஒரு காரணமாகலாம். அச்செடியின் இயல்பும் ஒரு காரணம் எனக் கொள்ளின் கதையின் சுவை மிகும்.

வீழ்வன

விழுது என இன்று நாம் கூறுவதனைப் பழந்தமிழ் வீழ் என்றது. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் பகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய உறுப்புப் பெயர்களைத் தனித்தனியே தொகுத்துக் கூறும். தோடு, மடல், ஓலை, பாளை முதலியன புல்லின் உறுப்புகள். இலை, தளிர், கோடு, சினை முதலியன மரத்தின் உறுப்புகள். இவற்றையடுத்துக் காய், பழம், தோல், செதிள், வீழ் என ஐந்தினை ஓதுகின்றது அந்நூல்.

இவ்வைந்தும் மரத்துக்கே உரியனவோ, இரண்டற்கும் பொதுவோ என்னும் வினா எழுதல் இயல்பு. காயும் பழமும் தென்னைக்கும் பனைக்கும் உண்மையின் முதலிரண்டும் பொது என்பதில் ஐயமில்லை. வீழ் பொதுவாதல் எங்ஙனம்? வீழ் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆலமரம். ஆல் அகக்காழ் உடையது, எனவே மரம். புல்லினத்துள் வீழ் உடையது யாது என்று காட்டினாலன்றிப் பொது என்னும் பொருள் நிலைபெறாது.

இதற்கு விடை நெய்தல் நிலத்திலே உளது. கடற்கரைத் தாழையின் தண்டிலிருந்து கயிறுபோன்ற வேர்கள் தோன்றித் தொங்கி மண்ணை எட்டி ஊன்றுகின்றன. குறுந்தொகையின் 228-ஆம் பாட்டு தாழையை அதன் தாழ்ந்த வீழைச் சுட்டியே அறிமுகம் செய்கின்றது. தாழையோ மடலும் தோடும் உடையது. தென்னையும் பனையும் போல ஒருவித்திலைத் தாவரம். தொல்காப்பியர் பகுப்பின்படி புல். எனவே புல்லுள் தாழைக்கும் மரத்துள் ஆலுக்கும் வீழ் உண்டு. பொதுவுறுப்பு என்னும் பொருள் இதனால் வலியுறுகின்றது. வீழ் என்பதற்கு 'ஆலம் விழுது' என்று மட்டும் எழுதும் உரை, இலக்கணத்தின் ஒரு பாதியையும் நெய்தற் பாட்டின் காட்சியையும் ஒருங்கே இழக்கச் செய்கின்றது.

வீழ் வெறும் அணியன்று. உயிர் நிலைபெறும் வழி. கல்கத்தாவை அடுத்த ஆவுராத் தாவரவியல் தோட்டத்துப் பேராலின் அடிமரம் காளான் நோயுற்றமையால் 1925-இல் அகற்றப்பட்டது. சென்னை அடையாற்றுப் பிரும்மஞான சபைத் தோட்டத்து ஆலின் அடிமரம் 1989-இல் புயலிற் சாய்ந்தது. தாய் அடிமரம் நீங்கிய பின்னும் இவ்விரண்டும் வீழ்களால் வாழ்ந்தன. சீந்திற்கொடியும் அத்தகையதே. அதன் தண்டைத் தரையோடு அறுத்துவிட்டாலும், மரத்தின்மேல் எஞ்சிய பகுதி நூல்போன்ற வேர்களைக் கீழே இறக்கி மீண்டும் மண்ணைத் தொடும். சாவாத கொடி எனக் கருதியே அதனை அமுதவல்லி என்றனர். சீந்தில் இவர்வதாகத் தொடங்கி வீழ்வதாக மாறுகின்றது. ஒரு செடி இருவகையிலும் நிற்கக்கூடும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

பிச்சாவரத்துக் காட்சி

வீழின் மற்றொரு வடிவத்தைக் காண விழைவோர் சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் செல்லலாம். ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்புடைய இவ்வுப்பங்கழிக் காடு 2022-இல் இராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இங்குச் சுரபுன்னையின் வேர்கள் தண்டினின்றும் கிளையினின்றும் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டலின் மூச்சுவேர்களோ சேற்றினின்று மேல்நோக்கி முளைபோல் நிற்கின்றன. வீழ்வதும் எழுவதுமாகிய இருவகை வேரையும் ஒரே கழியில் காணலாம்.

இவற்றினும் வியப்புடையது ஒன்று உண்டு. சுரபுன்னையின் வித்து மரத்திலிருக்கும்போதே முளைத்துவிடுகின்றது. முளைத்த நாற்று நீண்ட பச்சைக் கோல்போல் தாய்மரத்தினின்று தொங்கிக்கொண்டிருந்து, முதிர்ந்தபின் விழுகின்றது. நீர் வடிந்திருப்பின் சேற்றில் ஊன்றும். பெருகியிருப்பின் மிதந்து சென்று வேறிடத்து வேர்கொள்ளும். ஒருமுறை முதுகலை மாணவருடன் யாம் அங்குச் சென்றபோது, அவருள் ஒருவர் அந்நாற்றுகளைக் கண்டு, 'இவை காயா, கொடியா, விழுதா?' என்று வினவினார். அம்மூன்றும் அல்ல என்று விளக்கியபோதுதான், பெயர் தெரியாத பொருளைக் கண்ணும் முழுதாகக் காண்பதில்லை என்பது எமக்கும் தெளிவாயிற்று.

கண்டல் என்னும் சொல் நெய்தற் பாட்டுகளில் வருவது. நிகண்டு வழக்கில் அது தாழையையும் குறிக்கும். இருவேறு செடிகள் ஒரு பெயர் பெற்றமைக்கு, இரண்டும் கழியோரத்தன ஆதலோடு வேர் வெளிப்பட நிற்றலும் காரணமாகலாம் என்பது எம் கருத்து. ஆதலின் கண்டல் வருமிடமெல்லாம் தாழை என்றோ, எல்லாம் உப்பங்கழி மரம் என்றோ ஒருதலையாகத் துணியாது, பாட்டில் மடலும் மணமும் பேசப்படுகின்றனவா, சேறும் கழியும் பேசப்படுகின்றனவா என நோக்கியே பொருள் காணல் வேண்டும்.

உருவுவன

மரத்தின் உடலுள் வேரைச் செலுத்தி வாழ்வனவற்றுள் பலரும் அறிந்தது புல்லுருவி. மாமரங்களில் இலை வேறுபட்டுத் தோன்றும் கொத்தினைக் கண்டு உழவர் இதனை எளிதில் இனங்காண்பர். இதன் பழத்தைப் பூங்கொத்தி எனப்படும் மிகச் சிறிய பறவை விரும்பி உண்ணும். வித்தைச் சூழ்ந்த பசை மிக்க ஒட்டுந்தன்மை உடையது. ஆதலின் பறவை அதனைக் கிளையில் தேய்த்துத் தன்னைவிட்டு நீக்கும். அவ்வாறு ஒட்டிய வித்து முளைத்துப் பட்டையைத் துளைத்து உறிஞ்சுவேரை உட்செலுத்துகின்றது. பறவை நூல் வல்லுநர் சாலிம் அலியும் இவ்வுறவை ஆராய்ந்து எழுதியுள்ளார். புல்லுருவிக்குப் பசிய இலைகள் உண்டு. உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். மரத்தினின்று அது கவர்வது நீரும் உப்புகளுமே. எனவே அது முழு ஒட்டுண்ணி அன்று. அரை ஒட்டுண்ணி எனல் தகும்.

இனி இப்பெயரின் அமைப்பை நோக்குவோம். இழிவுப் பொருளுடைய புல் என்னும் அடியொடு இதனை இயைப்பாரும் உளர். தழுவுதற் பொருளுடைய புல்லு என்னும் வினையும், ஊடுருவுதற் பொருளுடைய உருவு என்னும் வினையும் கூடி, 'தழுவி ஊடுருவுவது' என்னும் பொருளில் புல்லுருவி ஆயிற்று எனக் கொள்ளுதல் செடியின் செயலோடு முற்றும் பொருந்துகின்றது. முதற்பொருள் செடியைப் பழிக்கின்றது. இரண்டாம் பொருள் அதனை விளக்குகின்றது. மோதிரக்கண்ணி போன்ற பெயர்களை ஆக்கிய மக்கள் பழிப்பதினும் விளக்குவதையே விரும்பினர் எனக் கருதுதல் முறையாதலின், இரண்டாவதே வலியுடையது என்பது எம் துணிபு.

கடற்கரை வேலிகளிற் பின்னிக்கிடக்கும் கொத்தான் மற்றொரு வகையினது. இலையற்ற நூல்போன்ற இக்கொடி மண்ணில் முளைத்து, தாங்குஞ் செடியைப் பற்றியபின் மண்ணோடுள்ள தொடர்பை அறுத்துக்கொள்கின்றது. கொடி வடிவும் ஒட்டுண்ணி வாழ்வும் உடைய இதனைக் 'கொடி' என்று மட்டும் எழுதின் உண்மையின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

தொற்றுவன

நான்காம் வகையே மிகுதியும் தவறாக அறியப்படுவது. மரத்தின்மேல் இருப்பன எல்லாம் மரத்தை உண்பன என்னும் எண்ணம் உலகெங்கும் உளது. வடமொழியில் 'வந்தா' என்பது ஒட்டுண்ணிச் செடிக்கும் வழங்கிய பெயர். அதுவே மரத்தின்மேல் வாழும் அழகிய ஆர்க்கிட் இனமொன்றற்கு வாந்தா என்னும் அறிவியற் பெயராயிற்று. அவ்வினமோ மரத்தினின்று ஒரு துளி நீரையும் கொள்வதில்லை. அதன் தொங்கும் வேர்களைப் போர்த்துள்ள வெலமன் என்னும் திசு மழைநீரையும் பனியீரத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றது. அமெரிக்க நாடுகளில் மரங்களினின்று நரைத்த தாடிபோல் தொங்கும் செடியை ஆங்கிலேயர் பாசி என்று அழைத்தனர். அது பாசியும் அன்று, ஒட்டுண்ணியும் அன்று. அன்னாசிக் குடும்பத்துப் பூச்செடி. அமெரிக்கத் தொற்றுச்செடிகளைப் பற்றிச் சிம்பர் என்னும் செருமானிய அறிஞர் 1888-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

தமிழில் தனித்தனிச் செடிகளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கொல்லிமலையில் மரத்திலும் பாறையிலும் தொற்றி வளரும் பெரணியின் தண்டு மயிரடர்ந்து ஆட்டுக்கால் போன்றிருத்தலின் முடவாட்டுக்கால் எனப் பெயர் பெற்றது. ஆயின், இவ்வகைக்குப் பொதுப்பெயராக மக்கள் வழக்கில் ஒன்று நிலைபெறவில்லை. இதற்கு நிலத்தின் இயல்பும் ஒரு காரணம் ஆகலாம். சிதம்பரமும் கடலூரும் சார்ந்த கரையோரம் ஐப்பசி முதலிய சில திங்களிலேயே பெருமழை பெறுவது. எஞ்சிய காலம் வறண்டது. மண்ணில் வேரூன்றிய கொடிகள் இவ்வறட்சியைத் தாங்கும்; காற்றின் ஈரத்தையே நம்பிய செடிகள் தாங்குவது அரிது. எனவே இங்குக் கொடிகள் பல, தொற்றுச்செடிகள் சில. மிகுதியாகக் காண்பனவற்றுக்கே சொல்லும் மிகும்.

பொதுப்பெயர் இன்மையின் கேடு யாது? ஊர்ப்புறத்தில் மரத்தின்மேல் வளரும் எதனையும் புல்லுருவி என்று கூறி வெட்டி எறிவதைக் கண்டிருக்கிறோம். ஒரு தோட்டத்தில் மரத்தைக் காப்பதாக எண்ணிப் பூக்கும் நிலையிலிருந்த வாந்தாவை ஒருவர் பறித்தெறிந்ததையும் கண்டோம். பெயர் தவறியதனால் குற்றமற்ற செடி கள்வன் ஆயிற்று.

'ஒட்டுச்செடி' என்னும் பெயர் இதற்குப் பொருந்தாது. ஒட்டு மாங்கன்று போன்றவற்றுக்கு அது முன்னரே உரியதாகிவிட்டது. பாடநூல்கள் வழங்கும் 'தொற்றுத்தாவரம்' என்பதே தக்கது. தொற்றுதல் என்பதற்குப் பற்றி ஏறித் தங்குதல் என்பது பொருள். 'மரத்தில் தொற்றி ஏறினான்' என்பது வழக்கு. 2020-க்குப் பின் 'தொற்று' என்றவுடன் நோயையே நினைக்கும் நிலை ஏற்பட்டுள்ளது. அதனால் அச்சொல்லைக் கைவிடுதல் வேண்டா. அதன் முதற்பொருளை வகுப்பறையில் மீண்டும் நிறுவுதலே தமிழாசிரியர் கடன்.

ஒரு தடை

இந்நால்வகைப் பகுப்பு முற்றும் நிலையானதா என வினவலாம். பனைமேல் முளைத்த ஆல் இதற்குத் தடையாக நிற்கும். பறவை இட்ட வித்து பனையின் மட்டை இடுக்கில் முளைக்கும்போது அது தொற்றுவது. வேரை இறக்கும்போது வீழ்வது. பனையை நாற்புறமும் தழுவி நெருக்கும்போது அதற்குப் பகை. எனினும் அதன் உடலை உண்பதன்று. பனை பட்டபின் அது தனித்து நிற்கும் மரம். எனவே இப்பகுப்பு செடிகளின் சாதிப் பிரிவு அன்று. செடி மரத்தோடு கொள்ளும் உறவின் பிரிவே ஆகும். உறவு மாறுந்தோறும் சொல்லும் மாறுதல் வேண்டும். 'ஆல் தழுவிய பனை' என ஓரிடத்துக் காணின், அஃது எப்பருவத்து நிலை என ஆராய்ந்த பின்னரே அக்காட்சியை அன்பின் உவமையாகவோ அழிவின் உவமையாகவோ விளக்குதல் தகும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், மரத்தில் தொங்குவனவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் வடிவை மட்டுமன்றி வாழ்வின் முறையையும் உணர்த்துவன என்பதும், வீழ் என்பது ஆலுக்கே உரியதன்றித் தாழைக்கும் உரிய பொதுவுறுப்பு என்பதும், புல்லுருவி என்னும் பெயர் செயலால் அமைந்தது எனக் கொள்ளுதல் ஏற்புடைத்து என்பதும், தொற்றுவனவற்றை உருவுவனவற்றோடு மயக்குதல் தவறு என்பதும் பெறப்படும். உரை எழுதப் புகுவோர் 'ஒருவகைக் கொடி' என்று எழுதுமுன் 'இதன் வேர் எங்கே உளது?' என்னும் ஒரு வினாவை எழுப்பிக்கொள்வாராயின் பல ஐயங்கள் தாமே நீங்கும்.

நாம் வாழும் ஊரின் பழம்பெயர் தில்லை. அது குறிஞ்சிப்பாட்டின் மலர்களுள்ளும் எண்ணப்படும் ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தை இன்று காண வேண்டுவோர் பிச்சாவரத்துக் கழிக்கே செல்லுதல் வேண்டும். அதன் பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும் ஆதலின் அணுகுவோர் விழிப்போடிருத்தலும் வேண்டும். ஊரின் பெயரை நாள்தோறும் ஓதும் நம்முள் அம்மரத்தைக் கண்டோர் சிலரே. தில்லையைக் காணாது தில்லையைப் பாடும் இந்நிலை மாணவர்பால் தொடராதிருக்க, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நூலோடு அவர்களைக் கழிக்கரைக்கு அழைத்துச் செல்லுதல் தமிழ்த்துறைகளுக்குக் கடனாகும்.